பச்சைக் காருக்கு கியர் பாக்ஸ் வரன் பார்த்த கதை

எங்கள் பழைய பட்டறை ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் பூக்கள், மூட்டு வலிக்குக் கஷாயம், யாருடைய பேரனோ வாங்கிய கோப்பை, இதற்கெல்லாம் நடுவே போன மாதம் உருப்படியாக ஒரு கேள்வி வந்தது. கிண்டியில் இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கும் இளங்கோ கேட்டிருந்தான். "அண்ணே, ஒருத்தர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் கொண்டாந்திருக்கார். வேற என்ஜின் வைக்கணும். ஆட்டோமேட்டிக் வேணாமாம், கையால போடுற கியர்தான் வேணுமாம். எந்த கியர் பாக்ஸ் போடலாம்? நெட்ல பார்த்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

குழுவிலும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் மட்டும், "முதலில் வண்டிக்காரரை பஜ்ஜி வாங்கிவரச் சொல்" என்று போட்டேன். பழையவர்கள் சிரித்தார்கள். இளங்கோ ஒரு கேள்விக்குறியை அனுப்பினான். அவன் எங்கள் மேஸ்திரி நைனா ஓய்வு பெற்ற பிறகு பட்டறையில் சேர்ந்தவன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். குழுவில் எழுதினால் பாதியிலேயே யாராவது கும்பிடு பொம்மை போட்டு முடித்துவிடுவார்கள்.

நான் ஐ.டி.ஐ. முடித்ததும் கிண்டித் தொழிற்பேட்டையில் அந்தப் பட்டறையில் சேர்ந்தேன். மேற்கு மாம்பலத்தில் வீடு. மின்சார ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கிண்டி. முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணெண்ணெயில் பல்சக்கரம் கழுவினேன், பிறகு மறுபடியும் கழுவினேன். என் கல்யாண போட்டோவில் மாலையைவிட என் கறுத்த நகக்கண்தான் முதலில் தெரியும்.

எங்கள் மேஸ்திரியின் பெயர் கோவிந்தராஜுலு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும். பட்டறை முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் நைனா. சைதாப்பேட்டைக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "தாமோதரன் சார், இந்த போல்ட்ட நீங்கதான் டைட் பண்ணீங்களா?" என்று கேட்டுவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. "டேய் தாமு, கண்ணு பொட்டையா உனக்கு?" என்று கேட்டால் மனிதர் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு வண்டியின் என்ஜினுக்கு வேறொரு வண்டியின் கியர் பாக்ஸைப் பொருத்துவதுதான் எங்கள் பட்டறையின் தனி வேலை. நைனாவுக்கு அது சம்பந்தம் பேசுவது. என்ஜின் பெண், கியர் பாக்ஸ் மாப்பிள்ளை. வண்டியின் சொந்தக்காரர் பெண் வீட்டார், ஆகவே பெண் பார்க்கும் அன்றைக்கு சொஜ்ஜியும் பஜ்ஜியும் அவர்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் நைனா ஸ்பேனரைத் தொட மாட்டார். பெரிய பெரிய கம்பெனி ஆட்களெல்லாம் டிபன் கேரியரோடு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். நான் அதை வயிற்றுக்காகச் செய்யும் குறும்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நந்தனத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய ஒருவர் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. தன் பழைய காருக்கு ஆறு கியர் உள்ள பாக்ஸ் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நைனா மறுக்கவில்லை. பஜ்ஜியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அவர் வாய் நிறைந்ததும் கேட்டார். "டெய்லி எங்க சார் போறீங்கோ?"

"சைதாப்பேட்டை வரைக்கும்" என்றார் அவர், மென்றுகொண்டே.

"அதுக்குள்ள ஆறு கியரையும் போட்டா கை வலிக்கும் சார். ஏற்கனவே ஜிம்முல வேற தூக்கிக்கினு கீறீங்கோ."

அவர் நாலு கியரோடு திரும்பிப் போனார். அப்புறம் நைனா என்னிடம் சொன்னார். "வாயில பஜ்ஜி இருக்க சொல்லோ எவனாலும் பெருமை பேச முடியாது தாமு. நெஜம்தான் வரும்."

இனி பச்சைக் கார். நைனாவும் நானும் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த வேலை அது. லஸ்ஸில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்ட ஆரம்பித்து, மயிலாப்பூர் முழுக்கத் தகரத் தடுப்பு வைத்திருந்த சமயம். வண்டி, இரண்டே சீட்டு உள்ள இங்கிலீஷ்காரன் கார், மேலே கூரை கிடையாது. சொந்தக்காரர் வைதேகி மாமி. கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாக இருந்தார். எழுபதை நெருங்கும் வயது. தலையில் ஒரு மப்ளரைக் கட்டிக்கொண்டு அந்தக் காரை அவர் ஓட்டிப் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். தன்னைப்போலவே தனியாக இருந்த சிநேகிதிகளை சபாவுக்கும் கண் டாக்டரிடமும் கூட்டிப்போய் வந்தது மாமிதான். இரண்டு சீட்டு என்பதால் ஒரு நேரத்துக்கு ஒருத்தர், அதற்கு முன்பதிவு வேறு உண்டு.

லஸ் நெரிசலில் ஒரு நாள் என்ஜின் கொதித்து, பிளாக்கே விரிசல் விட்டுவிட்டது. அதற்கு உதிரி பாகம் கிடைக்காது. பெங்களூரில் இருந்த மகன் ஸ்ரீராம் இதற்குத்தான் காத்திருந்தார். மாமியின் கணவர் இருந்த காலத்திலேயே ஏதோ வரிக் கணக்குக்காக வண்டியை மகன் பெயரில் மாற்றி வைத்திருந்தார், ஆக விற்கும் உரிமை மகன் கையில். "அம்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இது? தீபாவளிக்குள்ள ஓடினா பார்க்கலாம். இல்லேன்னா குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். மாமி எங்கள் பட்டறையில் வந்து உட்கார்ந்து அதை அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு, "வண்டி போச்சுன்னா நான் ஆத்துலேயே உக்காந்துண்டு ஜன்னலைப் பார்த்துண்டிருக்கணும். அதுக்கு நான் தயாரா இல்லை" என்றார். அழவில்லை, ஆனால் மப்ளரை முறுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு என்னவோ போலிருந்தது.

பெண் சுலபமாகக் கிடைத்தாள். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு பிக்கப் வண்டியின் பெட்ரோல் என்ஜின், நல்ல ஆரோக்கியம். பெண் பார்க்கும் அன்று மூன்று மாப்பிள்ளைகளைச் சாக்கு விரித்து வரிசையாக வைத்திருந்தோம். முதலாவது, பச்சைக் காரின் சொந்த நாலு கியர் பாக்ஸ். வயதானவர், புதுப் பெண்ணின் இழுப்பைத் தாங்க மாட்டார். இரண்டாவது, ஏதோ வெளிநாட்டு சொகுசுக் காரிலிருந்து எடுத்த ஐந்து கியர் பாக்ஸ். பளபளவென்று அலுமினியம், ஸ்ரீராம் சார் இணையத்தில் தேடிப் பிடித்து அனுப்பியது. மூன்றாவது, அந்தப் பிக்கப்பின் சொந்த பாக்ஸ். அதிலும் ஐந்து கியர்தான், ஆனால் ஆள் கறுப்பு இரும்பு. அரிசி மூட்டை இழுத்தே பழகியவர்.

நைனா சாவகாசமாக ஆரம்பித்தார். ஒவ்வொரு பாக்ஸிலும் முதல் கியரைப் போட்டு, உள்ளே போகும் தண்டைக் கையால் சுற்றி, வெளியே வரும் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்று சாக்பீஸால் குறித்தார். அதிகம் சுற்ற வேண்டியிருந்தால் அந்த கியர் மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும். கிளட்ச் தகட்டை எடுத்துத் தண்டில் மாட்டி, வளையல் மாதிரி வழுக்கிப் போகிறதா என்று பார்த்தார். என்ஜினோடு சேரும் வாயில் துளைகள் ஒத்துப்போகின்றனவா, இரண்டுக்கும் நடு மையம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். மையம் ஒரு மயிரிழை தவறினாலும் கல்யாணமான பிறகு தினம் சண்டைதான் என்பார். கடைசியாக மாமியைக் காரில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, இடது கையைத் தானாக விழவிடச் சொன்னார். உள்ளங்கை விழுந்த இடத்தில் ஒரு சாக்பீஸ் வட்டம். கியர் ராடு அங்கேதான் வர வேண்டும்.

பிறகு பஜ்ஜி. மாமி வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்திருந்தார், சொஜ்ஜியில் நெய் மிதந்தது. ஸ்ரீராம் சார் வீடியோ அழைப்பில் இருந்தார், போனை ஒரு ஆயில் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தோம்.

"மாமி, நீங்கோ மூணாவது கியர் போட்டு எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டார் நைனா.

மாமி மென்று விழுங்கினார். "மெட்ரோக்காரா தோண்ட ஆரம்பிச்சதுலேர்ந்து மூணாவது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. அவ்வளவுதான் என் சங்கீதம்."

நைனா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கறுப்பு மாப்பிள்ளையின் தலையில் தட்டினார். "இவுருதான்."

ஆயில் டப்பாவிலிருந்து குரல் வந்தது. "வாட்? அது லோடு வண்டி கியர் பாக்ஸ்! இது ஸ்போர்ட்ஸ் கார்! ஃபர்ஸ்ட் கியர்ல நடந்து போறவன்கூட முந்திண்டு போவான்!"

"ஸ்போர்ட்ஸ் காருதான் சார், யாரு இல்லன்னது. ஆனா ஓடறது மாட வீதியாண்ட" என்றார் நைனா.

"அப்படின்னா ஆட்டோமேட்டிக்காவது போடுங்கோ."

"வேண்டாம்" என்றார் மாமி. "இடது காலுக்கு வேலை இல்லேன்னா அது என்னைக் கேக்காமலே தூங்கிடும்."

சம்பந்தம் முடிந்தது. ஆனால் சிக்கல் இனிமேல்தான். அந்த பாக்ஸில் கியர் ராடு வெளியே வரும் இடம், மாமியின் சாக்பீஸ் வட்டத்துக்கு ஒரு சாண் பின்னால், முழங்கைக்குக் கீழே. மாமிக்கோ இடது தோள்பட்டை பிடித்துக்கொண்டிருந்தது. கையைப் பின்னால் மடக்கினால் உயிர் போகும். நான், பாக்ஸையே முன்னால் தள்ள முடியுமா என்று அளந்து பார்த்துத் தோற்றேன். நைனா இரண்டு நாள் எதுவும் செய்யாமல் காரின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நாள் பழைய ராடைக் குட்டையாக வெட்டி, வட்டம் போட்ட இடத்தில் புது ராடு ஒன்றைக் கீல் வைத்து நிறுத்தி, இரண்டையும் காரின் தரைக்கு அடியில் ஒரு கம்பியால் இணைத்தார்.

ராடு சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் கீல் நடுவே இருந்ததால், மேலே முன்னால் தள்ளினால் அடியில் பின்னால் போனது. அதாவது கியரெல்லாம் முன்னும் பின்னும் மாறிவிட்டது. ஊரில் எல்லா வண்டியிலும் முதல் கியருக்கு முன்னால் தள்ள வேண்டும், இதில் பின்னால் இழுக்க வேண்டும். இரண்டாவதுக்கு முன்னால். ரிவர்ஸுக்கும் முன்னால்.

நைனா மாமியிடம் மறைக்கவில்லை. "இன்னொரு கீல் போட்டா நேராயிடும் மாமி. அரை நாள் வேலை. கொஞ்சம் ஆட்டம் வரும். போடட்டா?"

மாமி காரில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். "தள்ளினாத்தான் தோள் வலிக்கறது. இழுத்தா ஒண்ணுமே தெரியலை. நாளெல்லாம் நான் போடறது முதல் கியர்தானே? இப்படியே இருக்கட்டும்."

"ரெண்டாவதுக்குத் தள்ளணுமே மாமி?" என்றேன் நான்.

"ரெண்டாவது போடற அளவுக்கு ரோடு காலியா கிடைச்சா, அந்த சந்தோஷத்துல வலி தெரியாதுடா தாமு."

கடைசியில் ராடின் தலையில் மாட்ட நாப் வேண்டும். எந்த கியர் எந்தப் பக்கம் என்று கோடு போட்டு எழுதியிருக்குமே, அந்த உருண்டை. புது வரிசைப்படி ஒன்றை எழுதித் தருவதாக நைனா சொன்னார். மாமி தன் கைப்பையிலிருந்து காரின் பழைய நாப்பை எடுத்தார். தந்த நிறம், கறுப்புக் கோடு, முதல் கியர் முன்னால் என்று இங்கிலீஷ்காரன் எழுதியது. "இதையே மாட்டிடுங்கோ மேஸ்திரி. பார்க்க லட்சணமா இருக்கு."

"மாமி, அதுல எல்லாம் தப்பா எழுதிக்கீதே" என்றேன்.

"எனக்குத்தான் தெரியுமே" என்றார் மாமி.

நைனா என்னைப் பார்த்து, "தாமோதரன் சார், மாமி சொன்னத மாட்டுங்கோ" என்றார். மரியாதை கூடிவிட்டதால் நான் வாயை மூடிக்கொண்டு மாட்டினேன்.

தீபாவளிக்கு முன்பே வண்டி ஓடியது. மாமி சிநேகிதிகளின் முன்பதிவை மறுபடி திறந்தார். ஆனால் ஸ்ரீராம் சார் தீபாவளிக்கு வந்தபோது கூடவே வாங்குபவரையும் அழைத்து வந்துவிட்டார். "ஓடறது சரிம்மா. உன் தோள்? உன் வயசு? எனக்கு அங்க தூக்கம் வரலை" என்றாராம். பாசம்தான், மறுக்க முடியாது. வண்டியைப் பற்றி விவரம் சொல்ல என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

வாங்க வந்தவர் தி. நகரில் பட்டுக்கடை வைத்திருக்கும் தங்கதுரை அண்ணாச்சி. தென்காசிப் பக்கம் சொந்த ஊர். அவர் கடையில் கல்யாணப் பட்டு எடுத்தால் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்குத் திறந்த கார் இலவசம் என்று விளம்பரம் செய்யத் திட்டம். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "அம்சமா இருக்கு, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமி வாசலில் காபி டம்ளரோடு நின்றிருந்தார், முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"நானே ஓட்டிக் காட்டறேன்" என்று ஸ்ரீராம் சார் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணாச்சி. "அம்மா, ஃபர்ஸ்ட் எங்க?"

"நாப்புலேயே எழுதியிருக்கே, பாரேன்" என்றார் மாமி.

ஸ்ரீராம் சார் பார்த்தார், பார்த்தபடி முன்னால் தள்ளினார். அது இரண்டாவது கியர். கிளட்சை விட்டதும் வண்டி உடம்பு பூராவும் உதறி அணைந்தது. மறுபடி எடுத்தார், இந்தத் தடவை ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்து. வண்டி தவளை மாதிரி தாவியது. அண்ணாச்சியின் தலை அதற்கு 'ஆமா, ஆமா' என்று ஆடியது. கொஞ்சம் வேகம் வந்ததும் இரண்டாவது போடுவதாக நினைத்துப் பின்னால் இழுத்தார். அது முதல் கியர். என்ஜின் போட்ட அலறலில் குளத்துப் புறாக்கள் அத்தனையும் கிளம்பின. "எய்யா, மெதுவா, மெதுவா!" என்று அண்ணாச்சி கதவைப் பிடித்துக்கொண்டார். முனையில் மெட்ரோ தடுப்பு வந்துவிட்டது. பின்னால் எடுக்கலாம் என்று நாப்பைப் பார்த்து ரிவர்ஸ் போட்டார். விழுந்தது ஐந்தாவது. பின்னால் போக வேண்டிய வண்டி முன்னால் ஒரு துள்ளு துள்ளி, தகரத்துக்குக் கை அகலம் இருக்கும்போது அணைந்து நின்றது.

அண்ணாச்சி இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "இதுல மாப்பிள்ளைய ஏத்துனா மண்டபம் வரதுக்குள்ள பல்லு போயிருமே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. கியர் பாக்ஸ் கோளாறா?"

இன்னொரு கீல், அரை நாள் வேலை என்று சொன்னால் அன்றே வண்டி போய்விடும். பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை, அது நைனா வைத்த பாக்ஸ். "கியர் பாக்ஸ்ல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. மாமி ஓட்டினா பாருங்க" என்றேன்.

மாமி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மப்ளரைக் கட்டி, ஏறி உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டதில் இடது கையும் நாப்பும் மறைந்துபோயின. "ஏறிக்கோங்கோ அண்ணாச்சி." வண்டி வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது, திரும்பியது, குளத்தைச் சுற்றக் கிளம்பியது. அன்று மாட வீதியில் பூக்கடைக் கூட்டம் வேறு. முதல் கியரிலேயே, கிளட்சைத் தொடாமல், நடப்பவர்கள் வேகத்துக்கு ஒரு குலுக்கல் இல்லாமல் ஊர்ந்து போனார். லோடு வண்டி கியர் என்று சிரித்தார்களே, அது அப்படித்தான் போகும். நான் டம்ளரோடு பின்னாலேயே நடந்தேன். அண்ணாச்சி பின்னால் சாய்ந்து, ஒரு கையைத் தூக்கி, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தார்.

இறங்கும்போது அவர் முகமே மாறியிருந்தது. "தம்பி, வண்டி எனக்கு வேண்டாம்" என்று ஸ்ரீராம் சாரிடம் சொன்னார். "வாங்கிட்டா ஓட்டுததுக்கு ஆள் எங்க போக? இந்த யம்மா ஓட்டுனா, முகூர்த்த நாளுக்கு முகூர்த்த நாள் நானே வந்து கூப்பிட்டுக்கிடுதேன்."

"முன்கூட்டியே சொல்லணும். எனக்கு முன்பதிவு உண்டு" என்றார் மாமி.

நடந்ததை நைனாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "அந்த நாப்பு எதுக்குன்னு அப்பவே தெரியுமா நைனா?" என்று கேட்டேன்.

"டேய் தாமு, கண்ணு பொட்டையா உனக்கு?" என்றார்.

இப்போதெல்லாம் தி. நகரில் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது, நாதஸ்வரத்துக்குப் பின்னால், மப்ளர் கட்டிய ஒரு மாமி பச்சைக் காரில் மாப்பிள்ளையை ஏற்றி வருவதை நீங்கள் பார்க்கலாம். பெண் வீட்டார் பாதிப் பேர் மாமியோடுதான் செல்பி எடுக்கிறார்கள். ஆக இளங்கோ, உன் ஆளிடம் எத்தனை குதிரைசக்தி என்று கேட்காதே. பஜ்ஜி வாங்கிவரச் சொல், வாய் நிறையட்டும், பிறகு தினமும் எங்கே போகிறார் என்று கேள். இதை வேறு யாருக்கும் அனுப்பிவிடாதே. ஸ்ரீராம் சார் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், இவ்வளவு தூரம் வருவதற்குள் பொறுமை போய்விடும். இருந்தாலும் ஜாக்கிரதை.

ஏனென்றால் போன வாரம் அவர் போன் செய்தார். இத்தனை வருஷம் என்னை 'மிஸ்டர் தாமோதரன்' என்றே கூப்பிட்டவர், முதல் முறையாக 'தாமு அண்ணா' என்றார். மாமிக்குக் கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். ஒரு மாதம் கழித்து தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம்.

"ஆனா இனிமே அவ எதுக்கு ஓட்டணும், சொல்லுங்கோ? அவ படுத்துண்டிருக்கும்போதே வண்டியை பெங்களூருக்கு எடுத்துண்டு போயிடலாம்னு பார்க்கறேன். இப்ப வண்டியிலதான் உக்காந்திருக்கேன். உண்மையைச் சொல்லுங்கோ தாமு அண்ணா, இதுல ஃபர்ஸ்ட் கியர் எங்க இருக்கு?"

"நாப்புலேயே எழுதியிருக்கே சார், பாருங்க" என்றேன்.